விறகுக்கு ஏது ரோமம்

அது கட்டைங்க தம்பி, பயப்படாதீங்க. துண்டுல சுத்தி மடியில வெச்சிருக்கறதப் பாத்துட்டுக் கைக்கொழந்தைன்னு நெனச்சு நவுந்து எடம் குடுத்தீங்க பாருங்க, அந்த மனசுக்கு நீங்க நல்லா இருக்கோணும். கொழந்தை இல்லீங்க, சீகைக் கட்டை. அடுப்புல வெக்கற வெறகு. தொட்டுப் பாருங்க, சும்மா தொடுங்க. எப்படிக் காஞ்சிருக்குது பாத்தீங்களா? வெரல்ல தட்டுங்க. டங்குன்னு சத்தம் வருதுங்களா? ஈரக் கட்டையா இருந்தா பொத்துன்னு கேக்கும். இத எங்க எடுத்துட்டுப் போறேன்னுதான பாக்கறீங்க. சாட்சிக்குங்க. சாட்சி சொல்லக் கூட்டீட்டுப் போறேன்.

பஸ் ஜன்னல் கண்ணாடிய எதுக்கு இழுக்கறீங்க, அப்படியே கெடக்கட்டும். இதெல்லாம் ஒரு குளுருங்களா? மெட்ராஸா நீங்க? அதான பாத்தேன். ஸ்வெட்டரு, அதுக்கு மேல ஒரு கோட்டு, காதுக்குக் குல்லா. தை மாசத்துல இந்த மலையில, எங்க அரவேனு வெயிலுக்கு இந்த வேசம் போட்டா எங்கூரு ஆடு சிரிக்குமுங்க. காத்து வரட்டும், நல்லது. நான் இருமறதப் பாத்து நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. இது குளுருக்கு வந்த இருமல் இல்ல, பொகைக்கு வந்தது. அந்தக் கதையத்தான் சொல்ல வந்தேன்.

மலைக்குக் கீழ, காரமடைக்குப் போறேனுங்க. என்ற சம்சாரம் மயிலாத்தா அவ அண்ணன் ஊட்டுல போயி ஒக்காந்திருக்கறா. சொல்லாமப் போகல. சொல்லீட்டுத்தான் போனா, என்கிட்டச் சொல்லல, அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்துக்காரன் போஜன்கிட்டச் சொல்லீட்டுப் போயிருக்கறா. என்ன சொன்னா தெரியுங்களா? "ஆட்டப் பாத்துக்கங்கண்ணா"ன்னு சொன்னாளாம். ஊட்டுல ஆம்பளை ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அடுத்தவன்கிட்ட ஆட்ட ஒப்படைச்சிட்டுப் போறா. சரி, என்னையப் பாத்துக்கச் சொன்னாளான்னு அவன்கிட்டக் கேட்டேன். போஜன் தலையச் சொறிஞ்சுட்டு யோசிச்சானுங்க. இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குது?

கூட்டீட்டு வரத்தான் போறேன், ஆனா கெஞ்சிக் கூட்டீட்டு வரப் போகல. நியாயம் கேக்கப் போறேன். மச்சான் ரங்கசாமி தேங்கா யாவாரி. வாயில அவன ஜெயிக்க முடியாது. அதுக்குத்தான் இந்தக் கட்டை. அவன் முன்னாடி வெச்சு, "மச்சான், இந்த வெறகைத்தான் உன்ற தங்கச்சி குத்தம் சொல்றா, நீயே தட்டிப் பாரு"ம்பேன். அதுக்கு மேல அவன் என்ன பேசுவான்? அடுக்குல இருந்து உருவீட்டு வந்தேன்னு நெனச்சறாதீங்க. அந்தத் தப்பெல்லாம் செய்ய மாட்டேன். இது ஒரு சாண் கம்மியா வெட்டுப்பட்டுப் போயி அடுக்குல சேராம நின்னுக்கிட்ட கட்டை.

அடுக்குன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லோணும். இந்தக் கண்டக்டர் தம்பியப் பாருங்க முதல்ல. பின்னாடி இத்தனை எடம் காலியாக் கெடக்குது, சனம் பூராவும் முன்னாடி படிக்கட்டுல நசுங்குது. ஒரு வார்த்தை சொல்றானா? செல்போன நோண்டீட்டு நிக்கறான். நான் இதே ரூட்டுல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவனுங்க. அங்கண்ணன் பஸ்ஸுன்னா அப்பத் தெரியாத ஆள் இல்ல. உள்ள போ, உள்ள போன்னு நான் அடுக்குனா, அப்பறம் காத்து வர்றதுக்குக்கூட எடம் இருக்காது. சனங்க திட்டுவாங்க. காலு மிதிபடுதும்பாங்க, கொழந்தை அழுகுதும்பாங்க. வெறகு அப்படி இல்ல பாருங்க. வெச்ச எடத்துல இருக்கும். சில்லறை கேக்காது.

ரிட்டயர் ஆனதும் தேயிலைத் தோட்டத்த ஒட்டி இருந்த எங்க துண்டு நெலத்துக்கே வந்துட்டோமுங்க. ஓட்டு ஊடு, பின்னாடி ஆட்டுக்கொட்டாய், கொஞ்சம் முட்டக்கோசு, கொஞ்சம் பீன்ஸு. ஆடு அவ ஏற்பாடு. நாலஞ்சு உருப்படிதான். அதுல சிட்டுன்னு ஒரு கருப்பாடு, அதுக்கு ஊட்டுக்கு வந்த சம்பந்தியாட்டம் மரியாதை. பேசுவாளுங்க தம்பி, ஆட்டுக்கிட்ட. காலையில எந்திரிச்சுப் போயி, "தூங்குனயா சாமி, குளுருச்சா?"ன்னு கேப்பா. என்கிட்ட ஒருநாள் கேட்டதில்ல. கேட்டிருந்தா குளுரலைன்னுதான் சொல்லியிருப்பேன், அது வேற.

ஏனுங்க, இப்ப எதுக்கால ஒரு குட்டியானை வண்டி மலை ஏறிப் போச்சே, பாத்தீங்களா? முன்கண்ணாடியில அரங்கன் துணைன்னு எழுதியிருந்துச்சு. மச்சான் வண்டியிலயும் அப்படித்தான் எழுதியிருக்கும். ஒரு நிமிசம் அவனோன்னு நெனச்சுட்டேன். உள்ள ஒரு பொம்பளை வேற முக்காடு போட்டுட்டு ஒக்காந்திருந்துச்சு. காரமடைக்காரன் எவன் வண்டி வாங்குனாலும் அரங்கன் துணைன்னுதான் எழுதுவான். இந்நேரத்துக்கு அவன் கடையில தேங்கா உரிச்சுட்டு இருப்பான். உடுங்க.

வெறகுக் கதைக்கு வாரேன். மலையில ஐப்பசி மழை புடிக்கறதுக்குள்ள வெறகு சேத்து வெக்கலைன்னா அப்பறம் தை முடியற வரைக்கும் திண்டாட்டம்தான். மழை போனா பனி, பனி போனா காத்து. இந்த வருசம் எஸ்டேட்டுல சீகை மரத்தையெல்லாம் எடுத்தாங்க. நம்ம வேலிய ஒட்டி விழுந்ததை நம்மையே எடுத்துக்கச் சொல்லீட்டாங்க. அதிர்ஷ்டத்தப் பாருங்க. ஆடி, ஆவணி, பொரட்டாசி பூரா எனக்கு அதே வேலை. அறுத்து, பொளந்து, வெயில்ல காயப் போட்டு, திருப்பிப் போட்டு. எல்லாம் ஒரே நீளம், முழங்கையில இருந்து வெரல் நுனி வரைக்கும். தோல் பக்கம் மேல இருக்கோணும், அறுத்த மூஞ்சி வெளிய பாக்கோணும். பெருசு கீழ, சிறுசு மேல. அடுக்கி முடிச்சுட்டு நூல் புடிச்சுப் பாத்தேன். நூலுக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு எறும்பு போகாது.

எங்க அடுக்கறதுங்கறதுதான் பிரச்சனை. நனையக் கூடாது, காத்தும் ஓடோணும். ஆட்டுக்கொட்டாயில மேக்குப் பக்கம்தான் நல்ல பக்கம். கல்லுச் செவுரு இருக்குது, தகரம் புதுசு, சாரல் எட்டாது. கெழக்குப் பக்கம் தெறந்து கெடக்கும், மழையும் காத்தும் நேரா அங்கதான் வரும். ஆடுக மேக்குல இருந்துச்சு. நான் நடுவுல தடுப்புக்கு மூங்கிப் படலு ஒண்ணக் கட்டி, ஆட்டக் கெழக்குக்கு மாத்தீட்டு வெறகை மேக்குல வெச்சேன். சும்மா மாத்தலீங்க, சாக்கெல்லாம் கட்டித் தொங்க உட்டுத்தான் குடுத்தேன். மயிலா வந்து பாத்தா. "ஏனுங்க, ஆட்டக் காத்துல நிறுத்தீட்டு வெறகை உள்ள வெக்கறீங்களே"ன்னா. நான் கேட்டேன், "ஆட்டுக்கு ரோமம் இருக்குது, வெறகுக்கு ஏது ரோமம்?" என்னையப் பாத்தா, ஆட்டப் பாத்தா, உள்ள போயிட்டா. நியாயம் என்ற பக்கம்னு அவளுக்கே தெரிஞ்சுருச்சு.

அந்த அடுக்கப் பாக்க வந்த சனத்தச் சொல்லோணும். ரோட்டுல போற காரெல்லாம் நிக்கும். கல்யாணமாகிப் புதுசா வந்த சோடிக அதும் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. ஒரு பொண்ணு, "அங்கிள், இதென்ன அலங்காரத்துக்கு வெச்சதா?"ன்னு கேட்டுச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கல. மயிலாவக் கூப்புட்டு, "கேட்டயா?"ன்னேன். அவ அடுப்படியில இருந்து கண்ணத் தொடச்சுட்டு வெளிய வந்து, "கேட்டேங்க"ன்னா. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. பொகை.

ஏன் பொகைன்னு கேக்கறீங்களா? நாங்க அடுப்புக்கு மிலாறுதான் வெக்கறது. தேயிலைச் செடியக் கவாத்து வெட்டுனா சுள்ளி சுள்ளியா வருமே, அதுக்குத்தான் மிலாறும்பாங்க. அத அவ பொறுக்கீட்டு வந்து முத்தத்துல குமிச்சிருப்பா. மழையில நனைஞ்சிருக்கும். பத்த வெச்சா ஊடெல்லாம் பொகை மூடிக்கும், பொங்குறதுக்குள்ள மூணுதரம் அணையும். கேஸ் அடுப்பு இருக்குது, அது காப்பி வெக்கறதுக்கு. அவ கேட்டா, "அடுக்குல இருந்து ரெண்டு கட்டை எடுத்துக்கட்டுங்களா?"ன்னு. எடுக்க வேண்டாம்னு நான் சொல்லவே இல்லீங்க தம்பி. இத நீங்க நல்லாக் கவனிக்கோணும், ஏன்னா அவ அண்ணன்கிட்ட வேற மாதிரி சொல்லியிருப்பா. நான் சொன்னது, "குளுரு வரட்டும், அப்பறம் எடுக்கலாம்"னு. இப்பவே எடுத்தா குளுருக்கு என்ன பண்றது? குளுருக்காகத்தான வெறகு?

குளுரு வந்துருச்சுன்னு எப்படித் தெரியறது? அதுக்கும் ஒரு கணக்கு வெச்சேன். ஆடு தண்ணி குடிக்கற கல்லுத் தொட்டி இருக்குது. அதுல என்னிக்குத் தண்ணி மேல ஐஸ் கட்டுதோ அன்னிக்குக் குளுரு வந்துருச்சு. அன்னிக்கு முதல் கட்டைய நானே என்ற கையால எடுத்து அடுப்புல வெப்பேன்னு சொன்னேன். நியாயமா இல்லீங்களா?

இந்தப் போஜனும் வெறகு சேத்தான். அவன் சேத்த லட்சணத்த நீங்க பாக்கோணுமே. குப்பையக் கொட்டுனாப்புல வாசல்ல கொட்டி, மேல ஒரு கிழிஞ்ச தார்ப்பாய். கோணக் கட்டை, முண்டு, வேரு, எல்லாம் ஒண்ணா. அத எடுத்து எடுத்து எரிச்சான் பாருங்க. கார்த்திகையிலயே பாதி காலி. காலையிலயும் சாயங்காலமும் அவன் ஊட்டுக் கூரையில பொகை போயிட்டே இருக்கும். புருசன், பொண்டாட்டி, புள்ளைக எல்லாம் அடுப்பச் சுத்தி ஒக்காந்துட்டு உருளக்கெழங்க நெருப்புல போட்டுத் தின்னுட்டு, சிரிப்பும் கும்மாளமுமா. நாளைக்கு வேணுமேங்கற நெனப்பு இல்லாத ஆளு. இதுல கொடுமை என்னன்னா, என்ற சம்சாரம் சாயங்காலமானா அங்க போயி ஒக்காந்துக்குவா. ஊருல யாரு ஊட்டுலயும் இல்லாத வெறகை ஊட்டுல வெச்சுக்கிட்டு அடுத்தவன் அடுப்புல போயி கை காச்சறா. எனக்கு எவ்வளவு அவமானமா இருந்திருக்கும்?

நானும் குளுருலதாங்க இருந்தேன். நான் ஒண்ணும் தனியாக் காஞ்சுட்டு இருக்கல. ரெண்டு கம்பளியப் போத்தீட்டு, காலுக்குச் சாக்கப் போட்டுட்டு, ஜன்னல் வழியா அந்த அடுக்கப் பாத்துட்டே ஒக்காந்திருப்பேன். அதப் பாத்தாலே ஒரு சூடு வரும். அவளுக்கு அது புரியல.

மார்கழி பொறந்து கொஞ்ச நாளு ஆகியிருக்கும். விடிஞ்சும் விடியாம ஒரு தட்டத்துல என்னத்தையோ எடுத்துட்டு வந்து என்ற முன்னாடி நீட்டுனா. பாத்தா ஐஸு. கண்ணாடி ஓடாட்டம் மெல்லிசா. தொட்டியில இருந்து வழிச்சு எடுத்துட்டு வந்திருக்கறா. வெரலெல்லாம் வெறைச்சுப் போயி நீலம் பாஞ்சிருந்துச்சு. "ஏனுங்க, இது போதுங்களா?"ன்னா. நான் எந்திரிச்சு மப்ளரக் கட்டிக்கிட்டுப் போயித் தொட்டியப் பாத்தேன். ஓரத்துல மட்டும் கட்டியிருந்துச்சு. நடுவுல கட்டல. "இது வெறும் ஓரம். நடுவுல கட்டட்டும்"னேன். அவ அந்தத் தட்டத்தக் கீழ வெச்சுட்டுப் போயிட்டா. சாயங்காலம் வரைக்கும் அது அங்கயே கெடந்து தண்ணியாச்சு. பாருங்க, குளுரு இருந்தா ஐஸு உருகுமா?

தம்பி, நீங்க சிரிக்கறீங்களா, இருமறீங்களா? சரி சரி.

அப்பறம்தான் அந்தச் சிட்டு குட்டி போட்டுச்சு. ரெட்டை. பொழுது சாயற நேரம், சுள்ளுன்னு கெழக்கால இருந்து காத்து. மயிலா குட்டிகளத் தொடச்சு, என்ற பழைய காக்கிக் கோட்டுல சுத்திவெச்சுட்டு ஓடி வந்தா. "ஒண்ணு நடுங்குதுங்க. இரும்புச் சட்டியில நெருப்புப் போட்டுப் பக்கத்துல வெக்கோணும். ரெண்டே ரெண்டு கட்டை குடுங்க"ன்னா. எடுத்துக்கிறேன்னு சொல்லல, கவனிச்சீங்களா, குடுங்கன்னு கேட்டா. அந்த அளவுக்கு அவளுக்கு என்ற மேல மரியாதை உண்டு. நானும் பொறுமையாத்தான் சொன்னேன். "மயிலா, இன்னும் தை மாசம் முழுசாக் கெடக்குது. இன்னிக்கு ஒரு குட்டிக்கு எடுத்தா நாளைக்கு எல்லா ஆட்டுக்கும் எடுக்கோணும். அந்த அடுக்குல ஒண்ண உருவுனா பக்கத்துல இருக்கறது சரியும். மிலாறு இருக்குதில்ல, போடு"ன்னேன். போட்டா. பொகைஞ்சுது.

இதுக்குள்ள போஜன் ஒரு கட்டு வெறகைத் தூக்கீட்டு வேலி தாண்டி வர்றான். இவ எப்ப அவன்கிட்டச் சொன்னாளோ தெரியல. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? ஆனா ஊடு தேடிக் கொண்டாந்தவனத் திருப்பி அனுப்பறது மரியாதை இல்ல. வெச்சுட்டுப் போன்னுட்டேன். அவிழ்த்துப் பாத்தா, முக்காவாசி கோணலும் முண்டும்தான். ஆனா நடுவுல ஒரு நாலஞ்சு கட்டை, தம்பி, நேரா, சீரா, நானே அறுத்தாப்புல. அந்தக் கழுதைக்கு எங்க கெடச்சுதோ. நம்ம அடுக்குல மேல் வரிசையில ஒரு எடம் கொஞ்சம் பள்ளமாவே இருந்துச்சு, எனக்கு அது கண்ணுல உறுத்தீட்டே இருக்கும். அதுல கொண்டுபோயி வெச்சேன். அச்சு அசலாப் பொருந்துச்சு. மிச்சத்த அவகிட்டக் குடுத்தேன். நான் குடுக்காம இல்ல. அது கொஞ்ச நேரம் எரிஞ்சு அணைஞ்சு போச்சு. கோணக் கட்டை அப்படித்தான்.

காலையில நான் பல்லு வெளக்கீட்டு இருக்கறேன், கொட்டாயில இருந்து வெளிய வந்தா. கையில அந்தக் காக்கிக் கோட்டு. நேரா உள்ள போகாம அடுக்கு முன்னாடி போயி நின்னா. ரொம்ப நேரம் நின்னாளுங்க. மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா, அந்த நாலஞ்சு கட்டை வெச்ச எடத்தையும் பாத்தா. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. இத்தனை நாளைக்கப்பறம் இவளுக்கும் அதோட அழகு தெரிஞ்சுருச்சுன்னு நெனச்சுட்டேன். வாயக் கொப்பளிச்சுட்டு, "எப்படி இருக்குது?"ன்னு கேட்டேன்.

அவ வந்து அந்தக் கோட்ட என்ற காலடியில வெச்சு விரிச்சா. குட்டி. வெறைச்சுக் கெடந்துச்சு, காலெல்லாம் நீட்டிக்கிட்டு. இந்தக் கட்டை இருக்குதே, இதாட்டம்.

"இப்ப வந்துருச்சுங்களா?"ன்னு கேட்டா.

என்ன வந்துருச்சான்னு கேக்கறா, எனக்கு ஒண்ணும் புரியல. யாரு வந்துருச்சான்னு கேட்டேன். அவ அழுகலீங்க. அழுதிருந்தா நான் ஏதாச்சும் சமாதானம் சொல்லியிருப்பேன். குட்டிய எடுத்துட்டுப் போயி முட்டக்கோசுப் பாத்தி ஓரத்துல பொதைச்சா. சிட்டு கத்தீட்டே பின்னாடி போச்சு. அது பொறவியிலயே நோஞ்சான் குட்டிங்க. ரெட்டையில ஒண்ணு அப்படித்தான் இருக்கும், யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. மிச்சக் குட்டியையும் தாயையும் போஜன் ஊட்டு அடுப்படிக்குக் கொண்டுபோயிக் கட்டுனா. பொங்கல் வரைக்கும் என்கிட்டப் பேச்சு இல்ல. பொங்கலும் மிலாறு வெச்சுத்தான் பொங்குனா, நான் எடுத்துக்கன்னு சொல்லியும் எடுக்கல. அது ஒரு திமிருங்க. அடுத்த நாளு ஒரு துணிப்பையத் தூக்கீட்டு அண்ணன் ஊட்டுக்குப் பஸ் ஏறிட்டா.

இப்ப நீங்களே சொல்லுங்க. குடிக்கற ஆளா நான்? கை நீட்டியிருக்கறனா? வேற பொம்பளை பக்கம் திரும்பிப் பாத்தது உண்டா? ஒரு மனுசன் ஊட்டுக்கு வெறகு சேத்து வெச்சான். அதுக்கு ஒருத்தி கோவிச்சுட்டுப் போவாளா? அவ போனதுல இருந்து நானும் அடுப்புப் பத்த வெக்கல. பன்னு இருக்குது, வாழப்பழம் இருக்குது. அவ இல்லாம அந்த அடுக்குல கை வெக்க எனக்கு மனசு வரல. ரெண்டு பேரும் சேந்து காயறதுக்குத்தான வெச்சது. எனக்கென்ன ஆசை இல்லீங்களா? நடுவுல ஐஸு கட்டுன அன்னிக்கு, நல்ல பெரிய கட்டையா நாலு எடுத்து, நெருப்ப மூட்டி, ரெண்டு பேரும் ஒக்காந்து ஒரு காப்பி குடிக்கோணும்னு பொரட்டாசியில இருந்து நெனச்சுட்டு இருக்கறேன். அத அவகிட்டச் சொன்னேனான்னு கேக்கறீங்களா? இதெல்லாம் வாயத் தொறந்து சொல்லோணுமா? வெறகைப் பாத்தாலே தெரிய வேண்டாமா?

பாக்குத் தோப்பு வந்துருச்சு, கீழ எறங்கீட்டோம். போன் அடிக்குதுங்க, இருங்க. போஜன்தான். இந்த ஆளுக்கு நேரம் காலமே கெடையாது.

சொல்லு போஜா. நான் பஸ்ஸுல இருக்கறேன்... மேட்டுப்பாளையம் கிட்ட... யாரு? யாரு வந்திருக்கறா? மயிலாவா? நான் காரமடைக்குப் போயிட்டு இருக்கறேன், அவ எப்படி அங்க... வண்டியோடயா? ரங்கசாமி வண்டியா?... ஆட்டையா? எல்லாத்தையுமா? சிட்டு? குட்டி?... ஏத்தி முடிச்சாச்சா... இரு, இரு போஜா, அதெல்லாம் இருக்கட்டும், நான் கேக்கறதுக்கு முதல்ல பதில் சொல்லு. அடுக்குல கை வெச்சாளா? மேல இருந்து எடுத்தாளா, நடுவுல இருந்து உருவுனாளா?... நல்லாப் பாத்தயா?... ஒண்ணுகூடவா?... சரி... என்ன சொல்லச் சொன்னா? திருப்பிச் சொல்லு... சரி. வெச்சரு.

பாத்தீங்களா தம்பி. ஒரு கட்டையக்கூடத் தொடலையாம். வந்தாளாம், ஆட்ட ஏத்துனாளாம், குட்டிய மடியில வெச்சுட்டு முன்னாடி ஏறி ஒக்காந்தாளாம். வெறகுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலையாம். நான் சொன்னேனே, அவளுக்கு என்ற மேல மரியாதை உண்டுன்னு. அவகிட்ட இருந்த ஊட்டுச் சாவியப் போஜன்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கறா. என்கிட்டச் சொல்லச் சொல்லி ஒண்ணு சொன்னாளாம். "இனி நடுவுல இருக்கற படல எடுத்தரலாமுங்க, வெறகுக்குக் கொட்டாய் பூராவும் வெச்சுக்கச் சொல்லுங்க"ன்னு.

அது நல்ல யோசனைதாங்க. கெழக்குப் பக்கமும் கெடைச்சா நான் இன்னும் ரெண்டு வரிசை போடலாம். சாக்கெல்லாம் எடுத்துட்டுத் தகரம் அடிச்சா சாரல் எட்டாது. அடுத்த வருசம் எஸ்டேட்டுல மறுபடியும் மரம் எடுப்பாங்கன்னு பேச்சு இருக்குது. அப்ப...

மச்சான் வண்டி இந்த ரோட்டுலதான எறங்கி வரோணும்? மேட்டுப்பாளையத்துல எறங்கி நின்னா எப்படியும் பாத்தரலாம். கைய நீட்டுனா நிறுத்துவாங்க. நிறுத்துவாங்கன்னுதான் நெனைக்கறேன். நிறுத்துனா என்னன்னு சொல்றது? இந்தக் கட்டையக் காட்டுறதா?

என்னங்க, கோட்டு, ஸ்வெட்டரு எல்லாத்தையும் கழட்டீட்டீங்க. வேர்க்குதுங்களா? ஆமா, எல்லாரும்தான் கழட்டறாங்க. இங்க எப்பவும் இப்படித்தான், மலை எறங்குனா அனலு.

தம்பி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் இழுத்து உடுங்க. பாதி வேண்டாம், முழுசாச் சாத்துங்க. எனக்கு என்னமோ இப்பத்தான் குளுருதுங்க.